சரிசெய்ய முடியாத கேசட்: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’

ராக் இசையில் ‘சோலோ ஆல்பம்’ என்ற சொல்லுக்கு நடைமுறையில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. பேண்டிலிருந்து வெளியே வந்த ஒரு பாடகர் அட்டையில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு, பின்னால் இருபது பேரை வாசிக்க வைப்பது ஒன்று. பெரும்பாலானவை இந்த ரகம்தான். இன்னொன்று, நிஜமாகவே தனியாக உட்கார்ந்து, வாத்தியங்களைத் தானே வாசித்து, தானே பாடி, பதிவு பட்டனையும் கிட்டத்தட்ட தானே அழுத்துவது. பீட்டில்ஸ் உடைந்துகொண்டிருந்த நாட்களில் பால் மெக்கார்ட்னி லண்டனில் தன் வீட்டிலேயே ஒரு நான்கு டிராக் ஸ்டூடர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு தொடங்கிய ‘மெக்கார்ட்னி’ இந்த இரண்டாம் ரகத்தில் புகழ்பெற்ற முன்னோடி. 1970 ஏப்ரலில் வெளியானது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ எல்லாம் அவரே.

ஆனால் மெக்கார்ட்னியிடம் இருந்தது ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும் இயந்திரம். தான் ஓர் ஆல்பம் செய்கிறோம் என்பதும் சீக்கிரமே அவருக்குத் தெளிவாகிவிட்டது. 12 வருடம் கழித்து புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ அப்படி இல்லை. அது ஆல்பம் என்று தெரியாமலேயே செய்யப்பட்டது. அதைப் பாடும்போது பாடியவர் கேட்பவர்களை மனத்தில் வைத்துப் பாடவில்லை. அந்தப் பதிவின் பலமும், பிறகு அதைச் சுற்றி நடந்த எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

*

1981 செப்டம்பரில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு 32 வயது. முந்தைய அக்டோபரில் வந்த ‘தி ரிவர்’ இரட்டை ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. அவருக்கு அதுதான் முதல் முறை. ‘ஹங்ரி ஹார்ட்’ பாட்டு முதல் பத்துக்குள் நுழைந்தது. ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு ஒரு வருடம் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு, கடைசி நிகழ்ச்சியை சின்சினாட்டியில் முடித்தார். அடுத்து என்ன? கம்பெனிக்குத் தெரியும், ரசிகர்களுக்கும் தெரியும்: இன்னும் பெரிய ஒரு ராக் ஆல்பம்.

அவர் போய் உட்கார்ந்தது நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்ற சின்ன ஊரில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில். அவர் வளர்ந்த ஃப்ரீஹோல்டுக்குப் பக்கத்து ஊர் அது. இந்தப் பக்கத்துத் தூரம் முக்கியம். இரவு நேரங்களில் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீஹோல்டுக்குப் போவார். சிறுவயதில் குடியிருந்த வீடுகள் இருந்த தெருக்களில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். இறங்க மாட்டார். திரும்பி வந்துவிடுவார்.

அந்த வீடுகளில் என்ன இருந்தது? அம்மா அடேல், வக்கீல் அலுவலகத்தில் செயலாளர். வேலையை ஒருநாளும் விடாதவர். அப்பா டக்ளஸ், எந்த வேலையிலும் நிலைக்காதவர். ஃபோர்டு தொழிற்சாலை, பஸ் ஓட்டுவது, சிறைக்காவல் என்று மாறிக்கொண்டே இருந்தவர். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, பீரும் சிகரெட்டுமாக இருட்டில் உட்கார்ந்திருப்பார். மகன் கிட்டாரும் நீள முடியுமாக வீட்டுக்குள் நுழைந்தால் சண்டை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது மனநோய் என்று குடும்பத்துக்குத் தெரிய வந்தது. அதற்கும் முந்தைய நினைவு ஒன்று உண்டு. புரூஸின் முதல் சில வருடங்கள் தாத்தா பாட்டி வீட்டில் கழிந்தன. டக்ளஸின் அக்காவான வர்ஜீனியா, 5 வயதில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது லாரி மோதி இறந்துபோனவள். அவள் படம் அந்த வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இறந்த பெண் குழந்தைக்குக் கிடைக்காமல்போன செல்லம் முழுக்க பேரன் மேல் கொட்டியது. இதையெல்லாம் 2016இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

*

அப்போது அவருக்கு இருந்த பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார்ந்த பிறகு பாட்டு எழுதுவது, பேண்டை வைத்துக்கொண்டே தேடுவது, அதற்கு மணிக்கணக்கில் வாடகை கட்டுவது. ‘தி ரிவர்’ இப்படித்தான் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. வீட்டிலேயே பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்து, தேறுபவற்றை மட்டும் பேண்டிடம் கொண்டுபோனால் என்ன என்று யோசித்தார். அவருடைய கிட்டார்களைப் பராமரித்துவந்த மைக் பட்லானிடம், பேசிப் பதிவு செய்வதைவிடக் கொஞ்சம் நல்லதாக ஒரு இயந்திரம் வாங்கி வரச் சொன்னார்.

பட்லான் வாங்கி வந்தது டீயாக் 144 போர்ட்டாஸ்டூடியோ. சந்தைக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆகியிருந்த பொருள். சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்த இயந்திரம் நான்கையும் ஒரே திசையில், தனித்தனியாகப் பதிவு செய்யும். நாடா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், ஒலித்தரம் கொஞ்சம் கூடுவதற்காக. அதற்கு முன்பு பல டிராக் ஒலிப்பதிவு என்றால் பெரும்பாலும் பெரிய இயந்திரங்கள் தேவை. இதுவோ மேசை மேல் வைக்கலாம்.

நான்கு டிராக் என்பது என்ன மாதிரியான கட்டுப்பாடு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஷூர் மைக்குகள். ஒன்று குரலுக்கு, இன்னொன்று கிட்டாருக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் பாடி வாசித்தால் இரண்டு டிராக் போய்விட்டது. மிச்சம் இரண்டு. அதில் ஒரு மௌத் ஆர்கன், ஒரு மாண்டலின், ஒரு தாம்பரின், அல்லது தனக்குத் தானே இரண்டாவது குரல். அவ்வளவுதான். குரலில் பிழை வந்தால் குரலை மட்டும் மாற்றிப் பாட முடியாது. கிட்டார் மைக்கிலும் குரல் விழுந்திருக்கும். அறையும் விழுந்திருக்கும். ஆரஞ்சு நிறக் கம்பளம் விரித்த ஒரு படுக்கையறை அது.

1982 ஜனவரி 3. ஆல்பத்தில் நாம் கேட்பதில் பெரும்பகுதி அந்த நாளில் பதிவானது. பிறகு அந்த நான்கு டிராக்கையும் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி, வீட்டில் கிடந்த ஒரு பானசோனிக் கேசட் ரேடியோவில் இறக்கினார்கள். அந்த ரேடியோ ஏற்கெனவே ஒருமுறை ஆற்றுத் தண்ணீரில் விழுந்து செத்துப்போய், அப்புறம் தானாகவே உயிர்பெற்று வந்தது. ஒரு பொறியாளரின் கண்ணில் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் பழுது. இயந்திரத்தை முறைப்படி சீரமைத்துப் பயன்படுத்தவில்லை. எதிரொலியைப் பிரித்தெடுக்க முடியாதபடி ஒலியோடு கலந்தாகிவிட்டது. சும்மா ஒரு ரஃப் நோட்டு என்று நினைத்ததால் யாரும் கவலைப்படவில்லை.

அந்தக் கேசட்டை உறை இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்தார் ஸ்பிரிங்ஸ்டீன். ஒரு பிரதியை, ஒவ்வொரு பாட்டுக்கும் கைப்பட எழுதிய குறிப்புகளோடு, மேலாளர் ஜான் லாண்டாவுக்கு அனுப்பினார்.

*

கேசட்டில் என்ன இருந்தது? முதல் பாட்டு ‘நெப்ராஸ்கா’. 1957 கடைசியிலும் 1958 ஜனவரியிலுமாக 11 பேரைக் கொன்ற சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற 19 வயது இளைஞன், மின்சார நாற்காலிக்குப் போகும் முன் தன் வாயாலேயே பேசுவதாக எழுதிய பாட்டு. ஆரம்பத்தில் அதன் பெயரே ‘ஸ்டார்க்வெதர்’தான். அதே சம்பவத்தை வைத்து டெரன்ஸ் மாலிக் 1973இல் எடுத்த ‘பேட்லேண்ட்ஸ்’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததில் இருந்து வந்த விதை. விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள, அந்தக் கொலைகளைப் பற்றி எழுதிய நினெட் பீவர் என்ற நெப்ராஸ்கா பத்திரிகையாளருக்கே அவர் போன் செய்து பேசினார். ஃபிளானரி ஓகானரின் சிறுகதைகளையும் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தார். கொலைகாரனைப் பற்றி எழுதும்போது அறிவுரையும் சொல்லாமல், அனுதாபத்துக்கும் கெஞ்சாமல் இருக்கும் அந்தத் தொனி ஓகானரிடம் கற்றது என்று தோன்றுகிறது. சூஸைட் என்ற நியூயார்க் இரட்டையரின் 1977 பாட்டான ‘ஃப்ராங்கி டியர்டிராப்’, தொழிலாளி ஒருவன் குடும்பத்தையே கொல்வதைச் சொல்லும் பத்து நிமிடப் பாட்டு. அதன் முனகலும் அலறலும் ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாட்டில் தெளிவாகவே கேட்கும்.

‘ஜானி 99’ பாட்டில் மாவா ஊரின் கார் தொழிற்சாலை மூடப்படுகிறது. அது கற்பனை இல்லை. நியூஜெர்சி மாவாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. வேலை போனவன் குடித்துவிட்டுத் துப்பாக்கி எடுக்கிறான், 99 வருடத் தண்டனை. ‘ஹைவே பாட்ரோல்மேன்’ பாட்டில் ஒரு போலீஸ்காரன், குற்றம் செய்த தம்பியின் காரைத் துரத்திப்போய், கனடா எல்லைக்கு முன்னால் நின்று, அவனைப் போக விட்டுவிடுகிறான். அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம். இந்தப் பாட்டுகள் அந்த எண்ணிக்கைக்குள் இருந்த மனிதர்களுக்கு முகம் கொடுத்தன என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அது சரிதான். ஆனால் ஆல்பம் அதோடு முடியவில்லை.

கொலைகாரர்களுக்கு நடுவே மூன்று பாட்டுகள் ஒரு சின்னப் பையனுடையவை. ‘மேன்ஷன் ஆன் த ஹில்’ பாட்டில் அப்பாவோடு இரவில் காரில் போய், குன்றின் மேலிருக்கும் பணக்கார வீட்டைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். ‘யூஸ்டு கார்ஸ்’ பாட்டில் அப்பா பழைய கார் வாங்கும்போது விற்பவன் அவரைப் பார்க்கும் பார்வையைக் கவனிக்கிறான். மூன்றாவது ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’. இந்த மூன்றையும் கொலைப் பாட்டுகளையும் ஒரே அறையில், ஒரே கிட்டாரில், ஒரே தாழ்ந்த குரலில் பாடும்போது ஒன்று புரிகிறது. ஸ்டார்க்வெதர் வேறு யாரோ இல்லை. மனிதத் தொடர்பு அறுந்துபோனால் ஒருவன் எங்கே போய் நிற்பான் என்று பாடகர் தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

*

1982 ஏப்ரலில் பேண்ட் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் கூடியது. கேசட்டைப் போட்டுக் காட்டி, வாசிக்கச் சொன்னார். ஆச்சரியம், சில பாட்டுகள் பறந்தன. கேசட்டில் தட்டையாக, இருண்டு கிடந்த ‘பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.’ ஒரு சில டேக்குகளிலேயே இன்று உலகம் அறிந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. மற்றவையோ வாசிக்க வாசிக்கச் செத்தன. மோசமாக வாசித்ததால் இல்லை. ஈ ஸ்ட்ரீட் பேண்ட் மோசமாக வாசிக்கத் தெரியாத பேண்ட். டிரம்ஸ் வந்ததும் பாட்டில் இருந்தவன் தனியாள் இல்லை என்றாகிவிடுகிறது. அவன் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். அப்புறம் அவன் தனிமையை யார் நம்புவது?

சரி, பேண்ட் வேண்டாம், நீயே தனியாக நல்ல ஸ்டூடியோவில் இன்னொரு தடவை பாடு என்று பார்த்தார்கள். அதுவும் தேறவில்லை. இந்த இடம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமானது. அதே ஆள், அதே பாட்டு, மேலான மைக். ஆனால் இப்போது அவருக்குத் தெரியும், இதைக் கேட்கப்போகிறார்கள் என்று. ஜனவரியில் அது தெரியாது. குரல் அதற்கேற்ப மாறிவிட்டது. எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவுதான் மாற்றம், ஆனால் காதுக்குத் தெரிகிறது.

கடைசியில் ஸ்பிரிங்ஸ்டீன் பாக்கெட்டிலிருந்த கேசட்டை எடுத்து, இதையே வெளியிடலாமா என்று கேட்டார். ஒலிப்பொறியாளர் டோபி ஸ்காட்டின் தலைவலி அங்கே தொடங்கியது. இசைத்தட்டு என்பது ஓர் ஊசி அரக்குப் பூச்சில் பள்ளம் வெட்டி உருவாகும் பொருள். வெட்டும் ஊசி பக்கவாட்டில் அசைந்தால் பிரச்சினை இல்லை. இடது வலது ஒலிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ஊசி மேலும் கீழும் குதிக்கும், பள்ளம் ஆழமற்றுப்போய், கேட்கும்போது முள் தாவிவிடும். வீட்டுக் கேசட்டில் இருந்த ஒலி எந்த இயந்திரத்துக்கும் அடங்கவில்லை. நாட்டின் பெயர்பெற்ற மாஸ்டரிங் நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக முயன்று தோற்றார்கள். கேசட்டாக மட்டுமே வெளியிடலாம் என்ற யோசனைகூட வந்தது. அட்லாண்டிக் ஸ்டூடியோவின் டென்னிஸ் கிங்கும் முதல் தடவை தோற்றார். பிறகு ஒலியளவை மிகவும் குறைத்து வெட்டிப் பார்த்தார்கள். நின்றுவிட்டது.

ஒலியைத் திருத்தி அல்ல, அதைக் கொஞ்சம் மெதுவாகப் பேச விட்டுத்தான் தீர்வு கண்டார்கள்.

1982 செப்டம்பர் 30 அன்று ‘நெப்ராஸ்கா’ வெளியானது. சுற்றுப்பயணம் இல்லை. ‘அட்லாண்டிக் சிட்டி’ பாட்டின் வீடியோவில் பாடகர் முகமே இல்லை. அப்படியும் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அடுத்த வருடமே ஜானி கேஷ் இதிலிருந்து இரண்டு பாட்டுகளை எடுத்துப் பாடி, தன் ஆல்பத்துக்கு ‘ஜானி 99’ என்று பெயரும் வைத்தார்.

*

‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ மட்டும் ஜனவரிப் பதிவு இல்லை. பவர் ஸ்டேஷன் முயற்சிகள் தொடங்கிய பிறகு, மே மாதத்தில், கோல்ட்ஸ் நெக் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பதிவு செய்தது. என் வாதத்துக்கு இது இடிக்கத்தான் செய்கிறது. அப்போது அவருக்கு அந்த வீட்டு இயந்திரத்தின் மதிப்பு தெரிந்திருக்கும். ஆனாலும் பாட்டு பொய்யாகவில்லை. மற்றப் பாட்டுகளில் கொலைகாரனும் போலீஸ்காரனும் முகமூடியாக இருந்தார்கள். இதில் அதுகூட இல்லை. ஒருவன் கனவில் அப்பாவிடம் ஓடுகிறான்; விழித்ததும் காரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறான்; கதவைத் திறப்பது அறிமுகமில்லாத பெண். அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறாள்.

1990 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தனிநபர் நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் பாடும் முன் ஸ்பிரிங்ஸ்டீன் ஒன்று சொன்னார். பழைய வீடுகளைச் சுற்றி ஓட்டும் பழக்கத்தைப் பற்றி மனநல மருத்துவரிடம் கேட்டாராம். அங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்றார் மருத்துவர். ஆமாம், அதைத்தான் செய்கிறேன் என்று இவர் ஒப்புக்கொண்டார். அதற்கு மருத்துவர், அது முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்த மருத்துவரிடம் போக வைத்ததும் இந்த ஆல்பம்தான். அது வெளியான சமயத்தில் காரில் நாட்டைக் கடந்து கலிபோர்னியா போனார். வழியில் டெக்சாஸின் ஒரு சிற்றூரில் ஊர்த் திருவிழா. சனங்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபடி நின்றவருக்குள் ஏதோ உடைந்தது. நான் எப்போதும் பார்வையாளன், எங்கேயும் சேராதவன் என்ற பயம். லாண்டாவின் உதவியால் சிகிச்சைக்குப் போனார். தான் பாட்டில் கேட்ட கேள்வி தன்னைப் பற்றியது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். 1984இல் ‘பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.’ வந்து அரங்கங்களை நிரப்பியபோது, அதே படுக்கையறைக் கேசட்டில் பிறந்த பாட்டுக்குத்தான் கூட்டம் கொடி அசைத்தது.

அப்பா விஷயம் வேறு ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் சரியானது. 1990இல் தன் முதல் மகன் பிறப்பதற்குச் சற்று முன், டக்ளஸ் சொல்லாமல் கொள்ளாமல் நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டிக்கொண்டு மகன் வீட்டுக்கு வந்தார். நீ எங்களிடம் நல்லவனாக நடந்துகொண்டாய், நான் உன்னிடம் அப்படி இல்லை என்ற பொருளில் பேசினார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் வீட்டைத் தேடிப் போனது மகன். கடைசியில் கதவைத் தட்டியது அப்பா.

*

‘நெப்ராஸ்கா’வுக்குப் பிறகு வீட்டில் ஆல்பம் செய்வது ஒரு வழியாகவே ஆகிவிட்டது. எலியட் ஸ்மித்தின் ‘ரோமன் கேண்டில்’, விஸ்கான்சின் காட்டுக் குடிலில் தனியாக உருவான பான் ஐவரின் ‘ஃபார் எம்மா’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. இப்போது மடிக்கணினியில் நூறு டிராக் கிடைக்கிறது. நாடா இரைச்சல் வேண்டுமானால் அதற்கும் ஒரு மென்பொருள். ‘நேர்மையான ஒலி’யை இரண்டு கிளிக்கில் சேர்த்துவிடலாம். ஆனால் கோல்ட்ஸ் நெக்கில் இரைச்சல் யாரும் சேர்த்ததில்லை, எடுக்க முடியாமல் தங்கியது. இரைச்சலைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். அந்த ஆல்பத்தின் உண்மை இரைச்சலில் இல்லை. யாரும் கேட்கவில்லை என்ற நம்பிக்கையில் பாடிய குரலில் இருக்கிறது.

2025 அக்டோபரில், பல வருடம் வதந்தியாகவே இருந்த அந்த பேண்ட் பதிவுகள் ‘எலக்ட்ரிக் நெப்ராஸ்கா’ என்று வெளிவந்தன. அதே மாதம் ஜெரமி ஆலன் வைட் நடித்து, இந்த ஆல்பம் உருவான கதையே திரைப்படமாகவும் வந்தது. பேண்ட் பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். நன்றாகத்தான் இருக்கின்றன. ‘அட்லாண்டிக் சிட்டி’யில் கால் தானாகத் தாளம் போடும். முடிந்ததும் கேசட் வடிவத்தைப் போடுங்கள். ஒலியளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும், 1982இல் அவ்வளவு குறைத்துத்தான் வெட்டினார்கள். இப்போது காலை அசைக்கத் தோன்றாது. பக்கத்து அறையில் யாரோ ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். ஒட்டுக்கேட்கிறோமோ என்ற கூச்சத்தோடுதான் முழுவதையும் கேட்டு முடிப்போம்.